வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்வு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை எழுதித் தருகிறார்கள். மாத்திரையோடு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண்ணும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதைத் தெரிந்துகொள்ள லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு சாயங்காலம் வரை ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த காலம் உண்டு. இப்போது விரலில் ஒரு சொட்டு எடுத்தால் போதும், ஓரிரு நிமிடத்தில் மீட்டர் சொல்லிவிடுகிறது. முறையாகப் பழகி வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு ரத்தக்கட்டுச் சிக்கல்கள் குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் சொல்கிறது.

'முறையாகப் பழகி' என்பதுதான் விஷயம். விரலில் குத்தும்போது நடக்கும் தவறுகள் ஒரு பக்கம் இருக்கட்டும். எண்ணைப் பார்த்த பிறகு நடக்கும் தவறுகள் அதைவிட அதிகம், ஆபத்தும் அதிகம்.

மீட்டர் வாங்கும் முன்பே

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகட்ரான் போன்ற புது மாத்திரைகளின் வேலையை இந்த எண் சரியாகக் காட்டாது. அபிக்சபான் சாப்பிடுபவர் மீட்டர் வாங்கி, 1.2 என்று பார்த்துவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பயந்தால் பணமும் போச்சு, நிம்மதியும் போச்சு.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் மோசம். 'அடிக்கடி டெஸ்ட் எடுக்கிற தொல்லையே இல்லாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே' என்று, மெட்டல் வால்வு வைத்திருப்பவர் யாரோ சொன்னதைக் கேட்டு மாறிக்கொள்வது. மெட்டல் வால்வு உள்ளவர்களுக்கு டாபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு இரண்டுமே அதில் கூடியதால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, துடிப்பும் ஒழுங்கு தவறியவர்களிடம் ரிவராக்சபானைவிடப் பழைய மாத்திரையே நல்ல பலன் தந்தது என்பது 2022-இல் தெரிந்தது. நம் ஊரில் வால்வு நோயாளிகள் பலருக்கு இந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் மூலம். எனவே பழைய மாத்திரை, பழைய எண் என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், உங்கள் இலக்கு எண் எது? ரத்தக்கட்டுக்கும் துடிப்புக் கோளாறுக்கும் பொதுவாக 2 முதல் 3 வரை. மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு என்றால் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை. அயோர்ட்டிக் இடத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வால்வு ஆபரேஷன்தான், அவருக்கு 2.2 போதுமாம் என்று ஒப்பிடக் கூடாது. உங்கள் எல்லையை டாக்டரிடம் எழுதி வாங்கி மீட்டர் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள்.

லேப் ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. டெஸ்ட் 31.2, கன்ட்ரோல் 13.0, ஐ.எஸ்.ஐ. 1.1, ஐ.என்.ஆர். 2.6 என்று நாலு எண்கள் வரிசையாக இருக்கும். முதல் இரண்டும் உங்கள் ரத்தமும் சாதாரண ரத்தமும் உறைய எடுத்த நொடிக் கணக்கு. இரண்டையும் வகுத்து, அந்த லேப் டெஸ்டுக்குப் பயன்படுத்தும் ரசாயனத்துக்கான ஐ.எஸ்.ஐ. என்ற திருத்த எண்ணைக் கொண்டு திருத்தினால் கடைசி எண் கிடைக்கும். ஒரு லேபின் நொடிக் கணக்கு இன்னொரு லேபோடு ஒத்துப்போகாது என்பதால்தான் 1980களில் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பொது அளவைக் கொண்டுவந்தது. போனில் டாக்டரிடம் 'முப்பத்தொன்று சார்' என்று சொல்லிவிடாதீர்கள். கடைசி எண்ணைச் சொல்லுங்கள்.

சுகர் மீட்டர் கை

வீட்டில் ஏற்கெனவே சுகர் பார்க்கிற பழக்கம் இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். சுகர் பார்க்கும்போது முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுப்பவர்கள் நிறைய. ஐ.என்.ஆருக்கு அது கூடாது. விரலில் குத்திய நொடியிலிருந்தே ரத்தம் உறையத் தொடங்கிவிடுகிறது, நாம் அளப்பதும் அந்த உறைதலைத்தான். முதல் சொட்டையே, கோஆகுசெக் மீட்டர் என்றால் 15 நொடிக்குள், ஸ்ட்ரிப்பில் வைத்துவிட வேண்டும். ரத்தம் போதவில்லை என்று மேலே இன்னொரு சொட்டு சேர்ப்பதும் கூடாது. அந்த ஸ்ட்ரிப்பை எறிந்துவிட்டு, புது ஸ்ட்ரிப், புது ஊசி, வேறு விரல் என்று மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்ட்ரிப் மலிவில்லை, மனசு வராது. அதற்காகத் தப்பான எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ரத்தம் வராவிட்டால் விரலைப் பிழிந்து எடுப்பது அடுத்த தவறு. பிழியும்போது தசையிலுள்ள நீரும் கலந்து வரும், எண் மாறும். குத்துவதற்கு முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, கையைத் தொங்கப்போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினால் ரத்தம் தானாக விரல் நுனிக்கு வரும். கழுவிய கை நன்றாகக் காய வேண்டும். ஒட்டியிருக்கும் ஈரமும் ஸ்பிரிட்டும் சொட்டோடு கலந்தால் கணக்கு கெடும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. கோஆகுசெக் ஸ்ட்ரிப்பை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். எக்ஸ்எஸ் வகை மீட்டர் வேலை செய்வது 18 முதல் 32 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் நம் வீட்டு அலமாரியே அதைத் தாண்டிவிடும். டி.வி.க்குப் பக்கத்திலும் கார் டேஷ்போர்டிலும் ஸ்ட்ரிப் டப்பாவை வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தவுடன் மூடிவிடுங்கள், காற்று ஈரமும் ஆகாது.

எண் இன்றையது, காரணம் முந்தாநாளுடையது

நான் பார்த்த வரையில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் கிளம்புகிறது. காலையில் மீட்டர் 2.1 காட்டுகிறது, இலக்கு 2.5. அன்று ராத்திரி ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்கிறார். மறுநாள் பார்த்தால் 2.2. 'போதவில்லை' என்று மறுபடியும் கூட்டுகிறார். நாலாம் நாள் 4.3. பயந்துபோய் இரண்டு நாள் மாத்திரையையே நிறுத்துகிறார். அடுத்த வாரம் 1.6. மீட்டர் ஒவ்வொரு நாளும் சரியாகத்தான் சொன்னது.

இந்த மாத்திரை ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உறைபொருட்களைத் தொடுவதில்லை. ஈரல் வைட்டமின் கே-யை வைத்துப் புதிதாகச் செய்பவற்றைத்தான் தடுக்கிறது. பழையது தீர நேரமாகும். உறைபொருட்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஏழாவது சில மணி நேரத்தில் குறைந்துவிடும். முக்கியமான இரண்டாவது பாதியாகக் குறையவே இரண்டு, மூன்று நாள் ஆகும். ஆகவே இன்று கூட்டியதும் குறைத்ததும் எண்ணில் முழுதாகத் தெரிய நாட்கள் பிடிக்கும். நேற்று மாற்றிவிட்டு இன்று பார்ப்பது வெறும் ஸ்ட்ரிப் செலவு.

எப்போதும் எல்லைக்குள் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு முறை 0.5-க்குள் மேலேயோ கீழேயோ போனால், டோஸை மாற்றாமல் ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பப் பார்த்தால் போதும் என்பதுதான் நெஞ்சக நோய் மருத்துவர்களுக்கான 2012 அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்வது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அது டாக்டரின் வேலை. அவர்கள் வார மொத்தத்தைக் கணக்குப் போட்டுத்தான் மாற்றுவார்கள். ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று சாப்பிடுபவருக்கு வார மொத்தம் சராசரியாக 17.5. அவரே 'தினம் 3 போட்டால் என்ன, அரை மில்லிகிராம்தானே' என்று மாறினால் 21 ஆகிவிடும். அது 20 சதவீத உயர்வு, சின்ன மாற்றமே இல்லை.

ஒற்றைப்படைத் தேதியில் 3, இரட்டைப்படைத் தேதியில் 2 என்று காலண்டரைப் பார்த்துச் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 31-ஆம் தேதியும் மறுநாள் 1-ஆம் தேதியும் இரண்டுமே ஒற்றைப்படை. கிழமைக் கணக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

மறந்துபோன மாத்திரை அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிடுங்கள், சேர்த்து இரட்டிப்பாகப் போட வேண்டாம். ஆனால் மறந்ததை நோட்டில் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதிவைப்பதால் பயன் குறைவு. ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்: 'செவ்வாய். ஐ.என்.ஆர். 3.9. டோஸ் 2 மி.கி. மூன்று நாளாகக் காய்ச்சல், கஞ்சி மட்டும். டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் ஐந்தாம் நாள்.' இதைப் பார்க்கும் டாக்டர் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை.

கீரை, விரதம், மருந்துக்கடை

'கீரை தொடவே கூடாது' என்று வீட்டில் தடை போட்டுவிடுவது ரொம்ப சகஜம். கீரையில் வைட்டமின் கே அதிகம், அது மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. அதற்காக அறவே ஒதுக்கினால் உடம்பில் கே இருப்பு வற்றிப்போய், எப்போதாவது விருந்தில் ஒரு கரண்டி முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டாலே எண் சரியும். வாரம் இரண்டு முறை கீரை என்றால் எப்போதும் இரண்டு முறை, ஏறக்குறைய ஒரே அளவு. டாக்டர் அதற்கேற்ப டோஸ் வைத்துக்கொள்வார்.

சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி, புரட்டாசி முழுக்கக் கீரையும் காயும் என்று சாப்பாடு திடீரென்று மாறும்போதுதான் எண் ஆடும். பட்டினியிலும் வயிற்றுப்போக்கிலும் ஐ.என்.ஆர். ஏறும். விரதம் இருப்பது உங்கள் இஷ்டம், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட்டு இருங்கள்.

மருந்துக்கடை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன்: சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். மெட்ரோனிடசோல், கோ-டிரைமாக்சசோல், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் எல்லாம் ஐ.என்.ஆரை வேகமாக ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிராக இறக்கும், அதை நிறுத்தும்போது மறுபடி ஏறும். டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் எண்ணை அசைக்காமலேயே வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், மீட்டரில் அது தெரியவே தெரியாது. பாரசிட்டமால் பரவாயில்லை, ஆனால் நாள்கணக்கில் தொடர்ந்தால் அதுவும் ஏற்றும். புது மருந்து எது ஆரம்பித்தாலும் மூன்று, நாலு நாளில் ஒரு முறை கூடுதலாகப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'ஊசி போட்டால்தான் சரியாகும்' என்று இடுப்பில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். பல் பிடுங்க வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஐ.என்.ஆர். 4-க்குக் கீழே இருந்தால் சாதாரணமாகப் பல் எடுப்பதை மாத்திரையை நிறுத்தாமலேயே செய்ய முடியும். வால்வில் ரத்தம் கட்டிக்கொள்வது பல்வலியைவிடப் பல மடங்கு பெரிய தொல்லை. கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே இதய டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும், அதற்காகத் தானாக நிறுத்தினால் தாயின் உயிருக்கு ஆபத்து.

மீட்டரை நம்பக் கூடாத இடங்கள்

எண் கூடக் கூட மீட்டரின் துல்லியம் குறையும். 2018-இல் கோஆகுசெக் ஸ்ட்ரிப்புகள் சில 4.5-க்கு மேல் இருக்கும்போது உள்ளதைவிட அதிகமாகக் காட்டியதால் அமெரிக்காவில் பெரிய அளவில் திரும்பப் பெறப்பட்டன. 4.5 தாண்டிக் காட்டினால் லேபில் ஒருமுறை உறுதி செய்யுங்கள். வைட்டமின் கே மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள், அப்புறம் பல நாள் எண் ஏறவே ஏறாது. ரத்தசோகை அதிகமாக இருந்தாலும் கணக்கு தப்பும். ரத்தம் எளிதில் கட்டிக்கொள்ளும் ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு உள்ளவர்கள் லேபையே நம்புவது நல்லது.

சில மாதத்துக்கு ஒருமுறை ஒரே நாளில், சில மணி நேர இடைவெளிக்குள், வீட்டிலும் லேபிலும் பார்த்து ஒப்பிடுங்கள். எண் 2-லிருந்து 4-க்குள் இருக்கும்போது 0.5 வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் என்றால் மீட்டரை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். லேபில் நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரப்பினார்களா என்றும் பாருங்கள். குறைவாக எடுத்தால் எண் கூடுதலாக வரும்.

கறுப்பாக மலம், நிற்காத மூக்குக் கசிவு, சிறுநீரில் சிவப்பு, திடீரென்று வாய் கோணுவது, கை விழுந்துபோவது என்று எதைக் கண்டாலும் மீட்டரை எடுத்து உட்காராமல் 108-க்குக் கூப்பிடுங்கள். குளியலறையில் வழுக்கித் தலை அடிபட்டால், மேலே காயமே இல்லாவிட்டாலும், எண் 2.8 என்று கச்சிதமாக இருந்தாலும், ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மண்டைக்குள் கசிவது சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். போகும்போது மாத்திரை அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது மாத்திரை போட்டார், கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு என்று அங்கே கேட்பார்கள்.