ஆன்லைன் கருத்துக்கணிப்பு: முதல் கேள்வியிலிருந்து முடிவு வரை

கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் உருவாக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பதில்களை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "பயிற்சி வகுப்பைக் காலையில் வைப்பதா, மாலையிலா?" என்பது போல. அதற்கு உதவாத கேள்வி எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் வேண்டாம். வயதும் தொழிலும்கூட, தேவைப்பட்டால் மட்டுமே.

படி 2: கேள்விகளை எழுதுங்கள். உங்கள் நேரத்தில் பாதி இதற்கே போகட்டும்.

"விளக்கமும் குறிப்புகளும் பிடித்திருந்தனவா?" என்று கேட்டால், விளக்கம் பிடித்துக் குறிப்புகள் பிடிக்காதவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இரண்டு கேள்விகளாகப் பிரியுங்கள். "எங்கள் சிறப்பான வகுப்பு எப்படி இருந்தது?" என்பதில் பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். "அடிக்கடி வருவீர்களா?" என்பதும் சரியில்லை. ஒருவருக்கு 'அடிக்கடி' என்றால் தினமும், இன்னொருவருக்கு மாதம் இரண்டு முறை. "கடந்த 30 நாட்களில் எத்தனை முறை வந்தீர்கள்?" என்று கேளுங்கள்.

படி 3: விடைகளைச் சரிபாருங்கள். 18–25, 25–35 என்று போட்டால் 25 வயதுக்காரர் திண்டாடுவார். 18–24, 25–34 என்று மாற்றுங்கள். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்திய ஐந்து நிலை அளவுகோல் இன்றும் நன்றாக உதவுகிறது; ஆதரவுக்கு இரண்டு, எதிர்ப்புக்கு இரண்டு, நடுவில் ஒன்று. "எனக்குப் பொருந்தாது" என்பதைத் தனியாகக் கொடுங்கள். இல்லையென்றால் கேள்வி பொருந்தாதவர்கள் நடுநிலையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

படி 4: எளிய கேள்விகள் முதலில், சொந்த விவரங்கள் கடைசியில்.

படி 5: நான்கைந்து பேரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், செல்போனிலேயே. எங்கே தயங்குகிறார்களோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள்.

படி 6: யாருக்கு அனுப்புகிறீர்கள்? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்து லாண்டன் என்ற வேட்பாளர் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்து. தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியல்களையே அது பெரிதும் நம்பியிருந்தது. பத்திரிகை மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியவர்களிலும் பெரும்பாலோர் பதில் தரவில்லை. ஒரே வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டால் நமக்கும் இதே கதிதான்.

அதனால் முடிவை வெளியிடும்போது "65% பேர் மாலை வகுப்பை விரும்புகிறார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "300 பேருக்கு அனுப்பினோம், 60 பேர் பதிலளித்தார்கள், அவர்களில் 39 பேர் மாலையைக் கேட்டார்கள்" என்று முழுதாக எழுதுங்கள்.