குடிபோதைச் சட்டத்தைக் குறை சொல்வது எப்படி?

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. இதைச் சொல்லித்தான் எப்போதும் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றிய சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று வாயைத் திறந்தால், "குடிகாரனுக்கு வக்காலத்தா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மனுவோ கட்டுரையோ எழுதப் போகிறீர்கள் என்றால் முதல் பத்தியிலேயே அதற்குப் பதில் சொல்லிவிடுங்கள்: குடித்தவர் ஓட்டக் கூடாது, அதில் வழக்கே இல்லை, சட்டம் அவரைத்தான் பிடிக்கிறதா என்பதே கேள்வி. அப்புறம் நிம்மதியாக எழுதலாம்.

என்னை இதில் இழுத்துவிட்டது ஒரு கடைவாய்ப் பல். அதைப் பிடுங்கிய பிறகு, வாய் கொப்பளிக்க ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். இரவு வேலை முடிந்து, கொப்பளித்துவிட்டு வண்டியை எடுத்த ஐந்தாவது நிமிடம் சாலையில் தடுப்பு. "ஊதுங்க சார்." ஊதினேன். 42 என்று காட்டியது. அப்படிப்பட்ட மருந்துகள் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை ஊதுகிறேன் என்றேன். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க." கெஞ்சினேன், வாதாடினேன், மறுபடி கெஞ்சினேன். அதிலேயே இருபது நிமிடம் போனதுதான் என்னைக் காப்பாற்றியது. மேலதிகாரி வந்து திரும்ப ஊதச் சொன்னபோது கருவியில் 0.

வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் சுமார் 15 நிமிடத்தில் போய்விடும். அதனால்தான் முறையாகச் சோதிக்கும் இடங்களில் ஆளை 15, 20 நிமிடம் உட்காரவைத்துக் கவனித்த பிறகே எண்ணைப் பதிவு செய்கிறார்கள். எனவே உங்கள் ஊர்ச் சட்டத்தில் முதலில் தேட வேண்டியது தண்டனையை அல்ல, இந்தக் காத்திருப்பை. இரண்டாவது முறை ஊத உரிமை உண்டா? கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி ரசீதில் வருகிறதா? விதியில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் உங்கள் மனுவின் முதல் குற்றச்சாட்டு கிடைத்துவிட்டது.

அடுத்தது கணக்கு. பல சட்டங்கள் ரத்தத்தைப் பற்றிப் பேசுகின்றன. கருவி அளப்பதோ மூச்சை. மூச்சில் உள்ளதை 2,100-ஆல் பெருக்கி ரத்தத்தில் இவ்வளவு என்று சொல்வது பரவலான வழக்கம். பிரிட்டனில் 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம், 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்குச் சமம். இரண்டையும் மைக்ரோகிராமாக்கி வகுத்துப் பாருங்கள், 2,286 வரும். ஆளுக்கு ஆள் இந்த விகிதம் மாறும் என்பதும் உண்மை. ஆனால் இதை ரொம்பப் பெரிதாக்காதீர்கள். 2,100 என்பது ரத்தத்தில் உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டி, பெரும்பாலோருக்குச் சாதகமாகவே முடியும். விஷயம் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தால் உங்கள் மூக்கு உடையும்.

அதே போல, நாட்டுக்கு நாடு வரம்பு மாறுகிறதே என்ற வாதமும் எடுபடாது. 100 மில்லி ரத்தத்துக்கு ஸ்வீடனில் 20 மில்லிகிராம், இந்தியாவில் 30, ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50, இங்கிலாந்தில் 80. எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? வாதத்தை வேறு இடத்தில் வையுங்கள். 1954-இல் மூச்சுக் கருவியை உருவாக்கிய ராபர்ட் போர்கன்ஸ்டைன், 1960-களில் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் அதே இடங்களில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தவர்களையும் ஒப்பிட்டார். 80-க்கு மேலே போகப் போக ஆபத்து செங்குத்தாக ஏறுவது அதில் தெரிந்தது. வரம்பை மயிரிழையில் தாண்டியவரும் 200-இல் தள்ளாடுபவரும் உங்கள் சட்டத்தில் ஒரே தட்டில் நிற்கிறார்களா என்று பாருங்கள்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எத்தனை கேஸ் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள், அந்த எண்ணைப் பெருமையாகவே தருவார்கள். எத்தனை பேரை ஊதவைத்தீர்கள், எந்த நேரத்தில், எந்தச் சாலையில் என்று கேளுங்கள். பிரிட்டனில் 1967-இல் மூச்சுச் சோதனை வந்ததும் விபத்துகள் குறைந்தன. மாட்டும் வாய்ப்பு சொற்பம் என்று ஓட்டுநர்களுக்குப் புரிந்ததும் அந்தப் பலன் தேய்ந்தது. எப்போதும் அதே திருப்பத்தில் நின்றால், குடிப்பவர் பின்வழியாகப் போய்விடுவார், பல் பிடுங்கியவன்தான் மாட்டுவான். காலையையும் மறக்க வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை உடல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறைக்கும். நள்ளிரவில் 120 இருந்தவருக்கு ஆறு மணிக்கும் 30 மிச்சம். குளித்துப் பளிச்சென்று வருகிற அவரை யார் நிறுத்துகிறார்கள்?

ஓட்ட வேண்டாம் என்று வண்டிக்குள்ளேயே தூங்கியவரையும் தண்டிக்க இடம் தரும் சட்டங்கள் உண்டு. உங்களுடையது எப்படி என்று ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, சொந்தக் கதையைச் சுருக்குங்கள். என் மனுவின் முதல் வரைவு ஏழு பக்கம், அதில் ஐந்து பக்கம் பல். தம்பி படித்துவிட்டு, "அண்ணே, இது பல் டாக்டருக்கா?" என்றான். மிஞ்சியது மூன்று கோரிக்கை: 15 நிமிடக் காத்திருப்பு, இரண்டாவது ஊதல், தேதியோடு ரசீது. மூன்றாவதற்கு மட்டும் பதில் வந்திருக்கிறது: "பரிசீலனையில் உள்ளது."