ஒன்பதரைக்கே படுத்தால் தூக்கம் எப்படி வரும்?

மூன்று வருடத்துக்கு முன்பு ஷிப்டு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறினேன். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் இரவும் பகலும் மாறி மாறி ஓடிய உடம்பு, இனிமேலாவது ஒழுங்காகத் தூங்கும் என்று நினைத்தேன். காலை ஐந்தரைக்கு எழ வேண்டும் என்பதால் ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிடுவேன். மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தட்டும். கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவுவார்கள். எக்ஸாஸ்டை மாற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஜாலான் முழுக்க அலறிக்கொண்டு போகும். பதினொன்று ஆகும், பன்னிரண்டு ஆகும், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

மாத்திரை வாங்கலாம் என்றுதான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் என் தங்கை வயதுப் பெண்.

“எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க அண்ணே?”

“ஒன்பதரைக்கு டாக்டர்.”

“தூக்கம் எப்ப வருது?”

“பன்னிரண்டு, பன்னிரண்டரை ஆயிடும்.”

“அப்புறம் எதுக்கு ஒன்பதரைக்கே போய்ப் படுக்கிறீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. அதற்கு முன்பு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தூக்கம் வராதவர் சீக்கிரமாகப் படுக்க வேண்டும் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். தூக்கம் கெட்டவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

தூக்கம் வர இரண்டு விஷயம் கூடி வர வேண்டும். ஒன்று, விழித்திருந்த களைப்பு. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது சேரச் சேரக் கண் சொக்கும். இன்னொன்று, உடம்புக்குள் ஓடும் கடிகாரம். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது நேரம் பார்க்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்புதான், உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற சுரப்பு ஊறத் தொடங்கும். அதற்கு முந்தைய ஓரிரு மணி நேரம் உடம்பு நாளிலேயே நன்றாக விழித்திருக்கும் வேளைகளில் ஒன்று. பன்னிரண்டு மணிக்குத் தூங்கிப் பழகிய நான், சரியாக அந்த வேளையில் போய்ப் படுத்துக்கொண்டு தூக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இதில் நம் நாட்டுக்கென்று ஒரு கூத்தும் உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்பும் நம் கடிகாரம் சூரியனை முந்தித்தான் ஓடியது. இப்போது பினாங்கில் சூரியன் உச்சிக்கு வர பகல் ஒன்றேகால், ஒன்று இருபது ஆகிவிடுகிறது. வருடம் முழுக்கப் பொழுது விடிவதே ஏழு மணிக்குப் பிறகுதான். சுவர்க் கடிகாரம் இரவு ஒன்பதரை காட்டும்போது சூரியக் கணக்கில் எட்டுப் பத்துதான் ஆகியிருக்கும். ஐந்தரைக்கு அடிக்கும் அலாரம் அந்தக் கணக்கில் நாலு பத்து. பிள்ளைகளை இருட்டில் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு அம்மாவுக்கும் இது கணக்குப் போடாமலே தெரியும்.

அதனால் டாக்டர் இரவை விட்டுவிட்டுக் காலையைப் பிடிக்கச் சொன்னார். தூக்கம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. இரவு எப்படிப் போனாலும் ஐந்தரைக்கு எழ வேண்டும், பதினொன்றரைக்கு முன்பு படுக்கைப் பக்கமே போகக் கூடாது. விடிந்த பிறகு கால் மணி நேரமாவது வெளி வெளிச்சத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் காலை வெளிச்சம்தான் உள்கடிகாரத்தை முன்னால் இழுக்கும். பஸ் இறங்கி வேலையிடத்துக்கு நடப்பதை நான் அதற்கு வைத்துக்கொண்டேன். படுக்கையில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, அதாவது 85 விழுக்காட்டுக்குமேல், தூங்கும் அளவுக்கு வந்ததும் வாரம் கால் மணி நேரமாகப் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவரலாம்.

முதல் பத்து நாள் கொடுமை. மதியம் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருக்கிறேன். ஆனால் இரண்டாவது வாரக் கடைசியில் பதினொன்றரைக்குத் தலை வைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தாங்களாகச் செய்யவும் கூடாது.

என் பாட்டி கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் லயத்து வாசற்படியில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சுக்கு நடுவில் தலை ஒரு தடவை ஆடும், நிமிர்த்திக்கொள்வார். மறுபடியும் ஆடும். மூன்றாவது ஆட்டத்துக்கு எழுந்து உள்ளே போய்ப் பாயை விரிப்பார். எழுந்ததும் பாய் சுருண்டு மூலைக்குப் போய்விடும். பகலில் பாய் விரித்துக் கிடந்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வருவார்கள்.

இன்றைக்கு நம் வீட்டு மெத்தை எப்போதும் விரித்தபடியே கிடக்கிறது. சாய்ந்து சீரியல் பார்ப்பது, தண்ணீர் பில் கட்டுவது, கச்சாங் கொறிப்பது, மனைவியோடு சண்டை போடுவது எல்லாம் அதன்மேல்தான். அங்கே விழித்துக் கிடக்கும் மணி நேரங்கள் கூடக் கூட, படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடும். சோபாவில் தொலைக்காட்சி முன்னால் குறட்டை விட்டவர், எழுந்து அறைக்குப் போனதும் முழித்துக்கொள்வது இதனால்தான். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் இதற்குச் சில விதிகள் வகுத்தார். கண் சொக்கினால் மட்டும் படு, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, மறுபடி சொக்கியதும் திரும்பி வா, படுக்கையைத் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் தவிர வேறெதற்கும் வைத்துக்கொள்ளாதே. படித்ததும் எனக்குப் பாட்டியின் பாய்தான் கண்ணில் வந்தது.

எழுந்து போய் என்ன செய்வது என்று கேட்பார்கள். கூடத்தில் மங்கலான விளக்கில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நான் துணி மடித்தேன். பழைய தமிழ்ப் பத்திரிகை புரட்டினேன். நினைவஞ்சலிப் பக்கத்தை மட்டும் திருப்பாதீர்கள், தெரிந்த முகம் அகப்பட்டுவிட்டால் அன்றைய இரவு போனதுதான். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று மணி பார்க்கவும் வேண்டாம். இருபது நிமிடம் போலத் தோன்றினால் போதும், எழுந்துவிடலாம். “இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு, நாளைக்கு எப்படி வேலை செய்யப் போறேன்” என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் நெஞ்சு படபடக்கும், அதற்குப் பிறகு தூக்கம் பக்கத்தில் வராது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கைப்பேசியை அடுப்படியில் சார்ஜ் போட்டேன். அதன் வெளிச்சம் மெலடோனினைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், வெளிச்சத்தைவிட அதில் வரும் குடும்பக் குழு வாட்ஸ்அப்தான் அதிகம் கெடுக்கிறது. இரவு பதினொன்றுக்கு மாமா அனுப்பும் அரசியல் வீடியோவுக்குப் பதில் எழுதிவிட்டு எவனால் தூங்க முடியும்?

அடுத்தது தே தாரிக், நம் ஊர் இழுத்து ஆற்றிய பால் தேநீர். இதைச் சொன்னால் பினாங்கில் எனக்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்ல வேண்டும். அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலியில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்ளும். களைப்பு சேர்ந்துகொண்டேதான் இருக்கும், மூளைக்கு மட்டும் சேதி போகாது. குடித்த காஃபினில் பாதி உடம்பிலிருந்து கழிய பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகிறது. சாப்பிட்ட பிறகு ஒன்பதரைக்குக் கடையில் உட்கார்ந்து அடித்த தே தாரிக்கில் பாதி விடியற்காலை இரண்டரைக்கும் உள்ளே இருக்கும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கும், கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் அதையும் தாண்டும்.

தேதானே, கோப்பி இல்லையே என்பார்கள். தே ஓ, தே சி, இஞ்சி தட்டிப்போட்ட தே ஹாலியா எல்லாம் தேதான். ஒரு கப்பில் 40, 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும். கோப்பி இன்னும் மோசம். கடைகளில் அதிகம் ஓடும் ரொபஸ்டா கொட்டையில் அராபிக்காவைவிட இரு மடங்கு போல காஃபின் உண்டு. “நான் கோப்பி குடிச்சிட்டே தூங்குவேன்” என்று மார் தட்டுகிறவர்கள் தூங்கலாம்தான், ஆனால் ஆழ்ந்த தூக்கம் குறைந்துபோகும். காலையில் அடித்துப் போட்டதுபோல எழுந்து, அதைச் சரிசெய்ய மறுபடி கோப்பி குடிப்பார்கள். நான் கடைக்குப் போவதை விடவில்லை. மூன்று மணிக்குமேல் தேயை மட்டும் விட்டேன். இரவில் லிமாவ் பானாஸ் என்ற சூடான எலுமிச்சைச் சாறு கேட்டால் கடைக்காரத் தம்பி முதல் வாரம் “காய்ச்சலா அண்ணே?” என்று விசாரித்தார்.

கடையில் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. பதினொரு மணிக்கு நாசி கண்டார் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் படுத்தால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் தொண்டைக்கு வரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிறைய பேர் வாரம் முழுக்கச் சேர்த்ததைக் கொட்டிவிடுகிறார்கள். சனிக்கிழமை பின்னிரவு பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ தொடங்கும் இங்கிலாந்துப் பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு பதினொன்றுக்கு எழுவார்கள். மதியம் வாழை இலைச் சாப்பாடு, மூன்று மணி முதல் ஐந்து மணி வரை ஒரு தூக்கம். சேர்ந்த களைப்பெல்லாம் அந்தத் தூக்கத்தில் கரைந்துபோக, இரவு கண் மூடாது. திங்கட்கிழமை அலாரம் அடிக்கும்போது உடம்பு வேறு நாட்டு நேரத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், பரவாயில்லை. பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்பு இருபது நிமிடத்தோடு முடியட்டும்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. தூங்கப் போகும்போது உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும், அது கை கால் தோல் வழியாகத்தான் வெளியேறும். பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றினால் சுகமாக இருக்கும், ஆனால் தோலில் ரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூட்டை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். படுக்க ஒரு மணி, இரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் குளித்தால் தோல் வழியாகச் சூடு இறங்கும். ஏர்கோனை 16இல் வைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்ளத் தேவையில்லை. நம் வீட்டில் 25இல் வைத்துக் காற்றாடியையும் சுழல விடுகிறோம், மின்கட்டணமும் குறைகிறது.

தூக்கத்துக்கென்று சளி மாத்திரை விழுங்குகிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். மயக்கம் தரும் அந்தப் பழைய ஒவ்வாமை மாத்திரைகள் சில நாளிலேயே பலன் குறைந்துவிடும், காலையில் தலை கனக்கும். வயதானவர்களுக்கு நினைவுத் தடுமாற்றமும் விழுந்து அடிபடுவதும் சேர்ந்து வரும். பீர் இரண்டு கிளாஸ் போட்டால் சட்டென்று தூங்கிவிடலாம், பின்னிரவில் முழித்துக்கொள்வீர்கள். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் இப்படிக் கெட்டால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மாத்திரை வேண்டாம், மேலே சொன்னது போன்ற பழக்கங்களையும் தூக்கத்தைப் பற்றிய பயத்தையும் மாற்றும் சிகிச்சையைக் கொடுங்கள் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது.

இன்னும் ஷிப்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இரவு ஷிப்டு முடிந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அறைக்குக் கனமான திரை போடுங்கள். முக்கியமாக, தூக்கக் கலக்கத்தில் மோட்டாரைத் தொடாதீர்கள். தொழிற்சாலை பஸ் இருந்தால் அதில் வாருங்கள்.

எல்லாவற்றையும் செய்தும் பலிக்காதவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் மச்சான் படுத்த உடனே தூங்கிவிடுவார். பிரச்சினை அதற்குப் பிறகுதான். குறட்டை திடீரென்று நிற்கும், பத்து பதினைந்து விநாடி மூச்சே இருக்காது, பிறகு அடைத்துக்கொண்ட குழாய் திறந்ததுபோல ஒரு சத்தத்தோடு மூச்சு வாங்குவார். பகலில் சிவப்பு விளக்கில் கார் நின்றால்கூடச் சாய்ந்துவிடுவார். கொழுப்பு வைத்த கழுத்து, உயர் ரத்த அழுத்தம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இது. பழக்கத்தை மாற்றுவதால் மட்டும் தீராது, சோதனை செய்து பார்க்க வேண்டும். அவர் நம்பவே இல்லை. அக்கா ஒரு ராத்திரி கைப்பேசியில் பதிவு செய்து காலை பசியாறும்போது போட்டுக் காட்டினாள். ரொட்டி சானாயைக் கையில் பிடித்தபடி முழுவதும் கேட்டார், “இது நானா?” என்றார். அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது இரவில் முகத்தில் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு தூங்குகிறார். அதன் சத்தம் பழக அக்காவுக்கு ஒரு மாதம் ஆனது.