கூம்பு நத்தையைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவளப் பாறைகளில் மெல்லுடலிகளைக் கணக்கெடுக்கப் புதிதாக வருவோர், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். உயிருள்ள நத்தையைச் சட்டைப் பையில் போடக் கூடாது என்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நான் குறிப்பிடுவது கோனஸ் ஜியோகிராஃபஸ் என்னும் இனத்தை. இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் வாழும் இந்த மீனுண்ணியே, கூம்பு நத்தைகளில் மனித உயிரிழப்புக்கு மிகுதியாகக் காரணமானது.

அகன்ற முனையைப் பிடித்தால் போதும் என்று நம்புவது

இந்த அறிவுரையைக் கேட்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. வாய் குறுகிய முனையில் இருப்பதால் அகன்ற முனை பாதுகாப்பானது என்ற வாதம் கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் இந்த நத்தையின் உறிஞ்சுகுழல் நீண்டு வளையக்கூடியது. ஓட்டின் பெரும்பகுதியை அதனால் எட்ட முடியும். அதன் நுனியில், ஈட்டி போல் உருமாறிய உட்குழிவான பல் ஒன்று தயாராக இருக்கும். தொட்ட நொடியில் பாயும் அப்பல்லின் வழியே நஞ்சு உட்செலுத்தப்படும். பயிற்சிக்கு வந்த ஒருவர், படமெடுப்பதற்காக அகன்ற முனையைப் பிடித்துத் தூக்கியபடியே எனக்கு இந்த வாதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். குழல் ஓட்டின் விளிம்பைத் தடவி அவருடைய கட்டைவிரலை நெருங்கியதை அவர் கவனிக்கவில்லை. நான் அளவுகோலால் நத்தையைத் தட்டிவிட்ட பிறகும், 'குழல் இவ்வளவு தூரம் வராதே' என்றுதான் சொன்னார். 2014இல் வெளியான ஆய்வொன்று, இந்த இனம் இரை பிடிக்க ஒரு நஞ்சையும் தற்காப்புக்கு வேறொரு நஞ்சையும் பயன்படுத்துவதைக் காட்டியது. மனிதரைச் செயலிழக்கச் செய்யும் பொருள்கள் மிகுந்திருப்பது தற்காப்பு நஞ்சில்தான். கையில் எடுத்துத் தொந்தரவு செய்பவர் எதை அழைக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். எந்த முனையையும் பிடிக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படமெடுங்கள்.

வலிக்கவில்லை என்று நிம்மதியடைவது

1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில், நத்தையை உள்ளங்கையில் பிடித்துக் கத்தியால் ஓட்டைச் சுரண்டிய இளைஞர் ஒருவர் கொட்டுப்பட்டார். அவருக்கு மரமரப்பு மட்டுமே இருந்தது, வலி இல்லை. பிறகு பார்வை மங்கியது, கால்கள் செயலிழந்தன, நினைவு தப்பி உயிரிழந்தார். கொட்டியது உறுதியானால் அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

கொட்டிய இடத்தைக் கீறி உறிஞ்சுவது

பயனில்லை.

அசையாதவரைக் கைவிடுவது

இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து இல்லை. மூச்சுத் தசைகள் முடங்குவதே மரணத்திற்குக் காரணம் என்பதால், நஞ்சின் வீரியம் தணியும்வரை செயற்கைச் சுவாசத்தைத் தொடர்ந்தால் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு. கண்ணிமைகூட அசையாத நிலையிலும் கொட்டுப்பட்டவர் தம்மைச் சுற்றி நடப்பதை உணரக்கூடும். ஆகவே மருத்துவமனையில் ஒப்படைக்கும்வரை மூச்சூட்டுவதை நிறுத்தாதீர்கள்.

கையுறையை நம்புவது

அதையும் ஈட்டிப்பல் துளைக்கும்.