.30-30 ரைஃபிளுக்கு 150 கிரெய்னா, 170 கிரெய்னா?

பென்சில்வேனியாவில் மான் சீசனுக்காக முதல்முறை தோட்டா வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லைசன்ஸ், பாதுகாப்பு வகுப்பெல்லாம் முடித்திருப்பீர்கள்.

1. பெட்டியில் உள்ள "150 கிரெய்ன்" என்பது குண்டின், அதாவது தோட்டாவிலிருந்து பாய்ந்துபோகும் முனையின் எடை, வெடிமருந்தின் எடை அல்ல. 1895-இல் வின்செஸ்டர் இந்தத் தோட்டாவைக் கொண்டுவந்தபோது உள்ளே 30 கிரெய்ன் புகையில்லா மருந்து இருந்தது. பெயரில் உள்ள இரண்டாவது 30 அதுதான். 150 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 9.7 கிராம், 170 என்றால் 11 கிராம்.

2. இடத்தைப் பார்த்து எடையை முடிவுசெய்யுங்கள். 150 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 2390 அடி வேகத்தில் கிளம்பும், 170 கிரெய்ன் சுமார் 2200 அடி. வயலோரம் தூரமாகச் சுட வேண்டியிருந்தால் 150. நான் உட்காரும் இடம் ஒரே புதர், 60 கெஜத்துக்கு மேல் மான் கண்ணில் படாது. அங்கே எனக்கு 170தான். கனமான குண்டு மறுபக்கம் வெளியேற வாய்ப்பு அதிகம். இரண்டு துளை இருந்தால் சருகில் ரத்தத் தடம் பிடிப்பது எளிது. அடிபட்ட மானைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வீடு திரும்பக் கூடாது.

3. எடை மாறினால் சைட்டையும் (குறிபார்க்கும் அமைப்பு) சரிசெய்யுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். ஒரு வருடம் கடையில் 150 தீர்ந்துவிட்டது, 170 வாங்கிவந்தேன். சீசனுக்கு முந்தைய மாலை மனம் கேட்காமல் சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போனேன். 100 கெஜத்தில் மூன்று குண்டும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்திருந்தன, ஆனால் மையத்துக்கு மூன்று அங்குலம் கீழே. அவசரத்தில் முன் சைட்டை உயர்த்தினேன், இன்னும் கீழே போனது. பின் சைட்டை உயர்த்தினால்தான் குண்டு மேலே ஏறும். இது புரிவதற்குள் அரைப் பெட்டி காலி. மூன்று குண்டு சுட்டு, குழல் ஆறிய பிறகு திருத்துங்கள்.

4. ட்யூப் மேகசினில் (தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய்) கூர்முனைக் குண்டு கூடவே கூடாது. ஒரு தோட்டாவின் முனை முன்னால் உள்ளதன் பிரைமரில் (அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) முட்டிக்கொண்டு நிற்கும். சுடும்போது வரும் உதைப்பில் வெடித்துவிடலாம். தட்டை முனையோ உருண்டை முனையோ வாங்குங்கள். ஹார்னடி நிறுவனத்தின் 160 கிரெய்ன் குண்டு கூராக இருந்தாலும் முனை மென்மையானது, அதைப் போடலாம்.

பின்சேர்க்கை: கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அங்கே 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் செம்பில் 150 போதும். சரி, ஈயத்திலிருந்து செம்புக்கு மாறினாலும் மூன்றாவது படியை மறுபடி செய்தே ஆக வேண்டும்.