அந்த ஊர் மண்ணும் என் கிளேஸும்

மட்பாண்டக் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் ஒரு வெளிநாட்டு ரெசிடென்சிக்கு, பல வருடமாகக் கைகொடுத்த என் கிளேஸ் (மண்பாத்திரத்தில் பூசிச் சுட்டால் கண்ணாடிபோல் படியும் பூச்சு) குறிப்போடுதான் போனேன், மண் மட்டும் அந்த ஸ்டுடியோ தந்தது. முதல் சூடு முடிந்து சூளையைத் திறந்தால் கிண்ணங்கள் ‘டிங், டிங்’ என்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது கிளேஸில் மயிரிழை விரிசல் விழும் சத்தம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வலை.

சூளையைச் சீக்கிரம் திறந்ததால் என்றார்கள் கூட இருந்தவர்கள். அடுத்த முறை நன்றாக ஆறவிட்டும் அதே கதை, சில கிண்ணங்களில் மறுநாள்தான் கோடு வந்தது. அப்படியென்றால் கோளாறு பொருத்தத்தில்தான். ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது, முடியாமல் பிளக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் நிறைய உள்ள கிளேஸில் இது சகஜம்.

சரி என்று, அந்தச் சுருக்கத்தைக் குறைக்க கிளேஸில் நுண்ணிய சிலிக்கா தூளை 5, 10, 15 சதவீதம் என்று கூட்டி, அதே மண்ணில் செய்த சோதனைத் துண்டுகளில் பூசி 1220 டிகிரி செல்சியஸில் சுட்டேன் (மாஸ்க் இல்லாமல் அந்தத் தூள் பக்கமே போகாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது). அப்புறம் கொதிநீரிலும் ஐஸ் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கி, மை தடவித் துடைத்துப் பார்த்தேன். 10 சதவீதத்தில் ஒரு கோடும் இல்லை. 15-இல் பளபளப்பு மங்கிவிட்டது, அதனால் 10-ஐயே வைத்துக்கொண்டேன்.