கெமிஸ்ட் கொடுத்த மாத்திரை எது எதற்கு? டர்பனில் நான் கற்றுக்கொண்ட வழி

போன மாதம் ஒரு காலையில் அத்தைக்குத் தலைசுற்றல். (அத்தை என்றால் என் மாமியார், தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறார்.) கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவருடைய மாத்திரைப் பையைச் சமையல் மேடையில் கொட்டினேன். நோர்வாஸ்க் 5 ஒரு டப்பா. பக்கத்தில் வேறு பெயர், வேறு நிறத்தில் இன்னொரு டப்பா. "இது புதுசா குடுத்தாங்க, அதையும் சேத்துப் போட்டுக்கிட்டேன்" என்றார். இரண்டும் ஒரே பிரஷர் மருந்து, அம்லோடிபின். அன்றே டாக்டரிடம் போய், ஒன்றை நிறுத்திய பிறகு சரியாயிற்று.

இங்கே தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது. அதே மருந்து விலை குறைந்த ஜெனரிக்காக, அதாவது வேறு கம்பெனியின் தயாரிப்பாக, கிடைத்தால், டாக்டரோ நாமோ வேண்டாம் என்று சொல்லாத வரை கெமிஸ்ட் அதைத்தான் கொடுப்பார். மாற்றுவதை நம்மிடம் சொல்லவும் வேண்டும். சொல்லியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில், வரிசை நீண்டு நிற்கும் நேரத்தில். அத்தை தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

1. டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். மாத்திரை அட்டை மட்டும் போதும் என்று டப்பாவைக் கிழித்துப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கெமிஸ்ட் ஒட்டும் லேபிள் டப்பாவில்தான் இருக்கிறது.

2. சின்ன எழுத்தைத் தேடுங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மைப் பெயர் அதன் கீழேயோ, பக்கவாட்டில் 'ஒவ்வொரு மாத்திரையிலும்' என்று தொடங்கும் வரியிலோ பொடி எழுத்தில் இருக்கும். குளுக்கோஃபேஜ் என்றால் உள்ளே மெட்ஃபார்மின். பனாடோ என்றால் பாரசிட்டமால். சளிக்கு வாங்கும் பல மருந்துகளிலும் அதே பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், கவனம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லா டப்பாவின் பொடி எழுத்துப் பெயரையும் வரிசையாக எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல் கெமிஸ்டுக்கு உடனே போன் போடுங்கள்.

3. மார்க்கரால் தமிழில் எழுதுங்கள். ஆப் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மணி அடித்தால் அத்தை போனை அணைத்துவிடுகிறார். தடித்த கறுப்பு மார்க்கர்தான் சிறந்தது. எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அவ்வளவே. ஊரில் டாக்டர் 1-0-1 என்று எழுதுவார் (காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று), அத்தைக்கு அது மனப்பாடம். இங்கே லேபிளில் 'ட்வைஸ் எ டே' என்றுதான் இருக்கும். அதை அவர் காலை எட்டு மணி, பகல் பன்னிரண்டு மணி என்று புரிந்துகொண்டு சர்க்கரை மாத்திரையைப் போட்டு வந்திருக்கிறார்! இப்போது அந்த டப்பாவில் பெரிதாக 1-0-1, மற்ற டப்பாக்களிலும் அதனதன் வேளைப்படி இதே மாதிரி எண்கள்.

4. கவுண்டரில் திருப்பிச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "யெஸ்" என்றுதான் சொல்வோம். அதற்குப் பதிலாக "அப்படியென்றால் இதைக் காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு, பழைய டப்பா இனி வேண்டாம், சரிதானே?" என்று நாமே சொல்லிப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் அங்கேயே வெளிவந்துவிடும். கூச்சமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ஏழு நாள் மாத்திரைப் பெட்டி வாங்குங்கள், ஆனால் டப்பாவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு.

பின்சேர்க்கை: டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி சரியான ஓட்டையைக் காட்டினார். அவர் அப்பாவின் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. நான் சொன்னபடி தேடியபோது முதல் பெயரோடு நிறுத்திவிட்டாராம். ஆகவே 'ஒவ்வொரு மாத்திரையிலும்' வரியைக் கடைசி வரை படியுங்கள். இரண்டு பெயர் இருந்தால் பட்டியலில் இரண்டு வரி. அவரே கேட்ட இன்னொன்று, பெரிய மாத்திரையை உடைக்கலாமா? பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் மருந்து மெதுவாகக் கரைய வேண்டியது. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். அதைக் கெமிஸ்டிடம் கேட்காமல் உரலில் போடாதீர்கள்.